தேரியில் இறக்கிவிடப்பட்ட ஐந்து நாய்கள்: எங்கள் திருச்சபைச் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகரத் தலைவரான குருவானவர் ஐயரவர்களுக்கும், செயலர், பொருளாளர் உள்ளிட்ட சேகர கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும்,

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையன்று ஆலய வளாகத்தில் ஒரு பிள்ளையை நாய் கடித்தது. மறுநாள் திங்கட்கிழமை இரவு நீங்கள் கூடி நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, புதன்கிழமை விடிவதற்கு முன்பே ஆலய வளாகத்தில் படுத்திருந்த ஐந்து நாய்கள் சாக்குகளில் கட்டப்பட்டு, மினி லாரியில் ஏற்றப்பட்டு, 14 கிலோமீட்டருக்கு அப்பால் செம்மணல் பரந்த தேரிக்காட்டில் இறக்கிவிடப்பட்டன. மே மாத வெயிலில் தேரி மணல் எப்படிக் கொதிக்கும் என்பதை இந்தப் பகுதியில் பிறந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அதே தீர்மானத்தின் இரண்டாம் பகுதியில், விடுமுறை வேதாகமப் பள்ளியில் நாய் போன்ற பிராணிகளை உதாரணமாக வைத்துப் பாடம் நடத்துவது வேதத்தின் பரிசுத்தத்துக்குப் பொருந்தாது என்று எழுதி, நான் ஆயத்தம் செய்திருந்த ஐந்து நாள் பாடத்தையும் நிறுத்தியிருக்கிறீர்கள். இதைக் குறித்து இரண்டு முறை நேரில் வந்து பேசினேன். ஒரு நாய்க்காக இவ்வளவு தூரமா அம்மா என்று கேட்டு என்னை அனுப்பிவிட்டீர்கள். ஆகையால்தான் சபையார் எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அந்த ஐந்தில் ஒன்று என் வீட்டு மணி. கழுத்தில் பட்டை இல்லாததால் அதையும் வளாகத்து நாய் என்று எண்ணி ஏற்றிவிட்டதாகப் பிறகு சொன்னீர்கள். பட்டை இருந்திருந்தால் என் நாய் மட்டும் தப்பியிருக்கும் என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. மற்ற நான்கின் பொருட்டும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடிபட்ட பிள்ளையை மறந்துவிட்டு நாய்க்காகப் பரிந்து பேசுகிறேன் என்று சபையில் சிலர் சொல்வது என் காதுக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் கெண்டைக்காலில் பதிந்திருந்த இரண்டு பல்தடங்களையும் சோப்புப் போட்டு, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியவள் நான். அவன் தாயோடு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனேன். காயத்தைச் சுற்றிப் போட்ட ஊசிக்கு அவன் அலறியபோது அவன் தலை என் மடியில் இருந்தது. 0, 3, 7, 28 என்று சீட்டில் எழுதிக் கொடுத்த நாள் கணக்கில் மூன்று ஊசிகளுக்கு அவனோடு போய் வந்துவிட்டேன், நான்காவதற்கும் போவேன். வெறிநோய் கண்டபின் மனிதன் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதும், மனிதருக்கு அது வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினால்தான் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் பயத்தை நான் ஒருபோதும் அற்பமாக எண்ணவில்லை.

ஆனால் அன்று நடந்ததை முழுமையாகச் சொல்லுங்கள். சவ வண்டி நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் வளாகத்து நாய் வெள்ளச்சி மூன்று குட்டிகளை ஈன்று 12 நாட்களே ஆகியிருந்தன. அசனப் பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளையும் ஆட்டு எலும்புகளையும் அள்ளிக்கொண்டுபோய் அந்தக் கொட்டகையின் ஓரத்தில்தான் கொட்டினோம். இரண்டாயிரம் பேருக்குச் சமைக்கத் திட்டமிட்ட நாம், எச்சில் இலைக்கு ஒரு குழி வெட்டத் திட்டமிடவில்லை. எலும்புக்கு வந்த வெளி நாய்கள் ஒரு பக்கம் சண்டையிட்டுக்கொண்டிருக்க, கண் திறந்தும் திறவாத குட்டியைத் தூக்கிப் பார்க்கப் பையன்கள் மறுபக்கம் கை நீட்டினார்கள். ஒரு தாய் செய்வதைத்தான் வெள்ளச்சி செய்தது. அந்தப் பிள்ளையே ஊசி போட்டுத் திரும்பும் வழியில், "டீச்சர், நான் குட்டியத் தூக்கினேன், அதான் கடிச்சுது" என்று அழுதுகொண்டே சொன்னான். எட்டு வயதுப் பிள்ளை அறிக்கையிட்ட அளவுக்காவது நம் கமிட்டியின் தீர்மானம் அறிக்கையிட்டிருக்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்ட விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களைக் குறித்து 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவைக் கமிட்டியில் ஒருவர் எடுத்துக்காட்டியதாக அறிந்தேன். அந்த உத்தரவும் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் சேர்க்கத்தான் சொல்கிறது; இருட்டோடு இருட்டாகக் கொண்டுபோய்த் தண்ணீரில்லாத காட்டில் தள்ளச் சொல்லவில்லை. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தில் குற்றம். இத்தனைக்கும் இதனால் வளாகம் பாதுகாப்பாகவும் ஆகிவிடவில்லை. ஓரிடத்து நாய்களை அப்புறப்படுத்தினால் அங்கே கிடைக்கும் சோற்றுக்கு வேறு நாய்கள் வந்து சேரும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீர்மானம் நிறைவேறிய பத்தாம் நாளே கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நாம் இதுவரை பார்த்திராத இரண்டு நாய்கள் வந்து படுத்திருக்கின்றன. அவை தடுப்பூசி போட்டவையா என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் சட்டத்தையும் சுகாதாரத்தையும் சேர்ந்தது. இதற்காக மட்டும் என்றால் நான் பஞ்சாயத்துக்கே மனுக் கொடுத்திருப்பேன். திருச்சபைக்கு எழுத எனக்கு வேறு காரணம் உண்டு. "இப்போதும் நீ மிருகங்களைக் கேட்டுப்பார், அவைகள் உனக்குப் போதிக்கும்" என்று யோபின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நான் கேட்டுப் பார்த்தவள். எனக்குப் போதிக்கப்பட்டது. அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்கிறீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதம் என் கணவரை அடக்கம் பண்ணினோம். அதன்பிறகு ஏழு மாதம் நான் ஆலயத்துக்கு வரவில்லை. உங்களில் சிலர் வீட்டுக்கு வந்து ஜெபித்தீர்கள். வந்தவர்கள் எல்லாரும் ஏதேனும் ஒரு வசனம் சொன்னார்கள். 27 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். நீங்கள் சொன்ன வசனம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாயிருந்ததே அன்றைக்கு எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருமுனையில் ஒரு குட்டி நாய், ஊறுகாய் விற்கும் பிளாஸ்டிக் ஜாடிக்குள் தலை மாட்டிக்கொண்டு சுவருக்குச் சுவர் மோதி ஓடியதைப் பார்த்தேன். மூச்சு விட விட ஜாடியின் உட்புறம் புகைபோல் மூடிக்கொண்டது. அதற்குப் பாதை தெரியவில்லை. ஜாடியைக் கழற்றுவதற்காகக் கிட்டப் போனால் அது இன்னும் வேகமாக ஓடியது. தன்னைப் பிடிக்க வருகிற கையும் தன்னை நெரிக்கிற ஜாடியும் அதற்கு ஒன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். துரத்துவதை விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடைசியில் அது சோர்ந்து என் முழங்காலில் வந்து முட்டி நின்றது. ஜாடியைத் திருகி இழுத்தபோது காதோரம் தோல் உரிந்து, வலி பொறுக்காமல் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடிப்போனது. மாலையில் பார்த்தால் எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

அன்று இரவு, மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இத்தனை மாதமாக யாரிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. என் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்ற வந்த கரத்தை, அதை மாட்டிய கரம் என்றே நான் நினைத்து ஓடினேன். தேவன் என்னைத் துரத்தவில்லை. மண்ணில் உட்கார்ந்து காத்திருந்தார். (மறுநாள் நானும் அதே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டேன், விசுவாசம் ஊசிக்கு மாற்று என்று நான் எவருக்கும் போதித்ததில்லை.)

அதற்கு மணி என்று பேர் வைத்ததே ஆலய மணியினால்தான். முதல் மணி அடித்ததும் கழுத்தை நீட்டி அதுவும் ஊளையிடும். இரண்டாம் மணிக்குள் ஆலயத்துக்கு ஓடிவிடும். நம் ஆலயப் பணியாளர் அதற்கு ஒரு பன் வாங்கிப் போடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெகுநேரமாகியும் வீடு திரும்பாததால் தேடிக்கொண்டு வந்தேன். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. மணி முன்மண்டபத்துக் கல் தரையில் முகத்தைக் கால்களுக்கிடையே வைத்துப் படுத்திருந்தது. அதைக் கூப்பிடக் குனிந்தபோது உள்ளே 123-ஆம் சங்கீதத்தை மாறிமாறி வாசித்துக்கொண்டிருந்தீர்கள்: "அடிமைப்பெண்ணின் கண்கள் தன் எஜமாட்டியின் கையை நோக்கியிருக்குமாப்போலவும், எங்கள் தேவனாகிய கர்த்தர் எங்களுக்கு இரக்கஞ்செய்யும்வரைக்கும், எங்கள் கண்கள் அவரை நோக்கியிருக்கிறது." நான் அந்தப் படியிலேயே, நாயின் பக்கத்தில், ஆசீர்வாதம் கூறும்வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு உள்ளே வந்தேன். வீட்டுக்கு வந்து ஜெபித்த யாரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என்னை இந்த ஆலயத்துக்குத் திரும்ப அழைத்து வந்தது அந்த முன்மண்டபத்தில் படுத்திருந்த நாய். அதே முன்மண்டபத்திலிருந்துதான் அதைச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனீர்கள்.

அந்தச் சங்கீதத்தை அதன்பிறகு நான் மணியிடமே படித்தேன். வந்த புதிதில் அதன் கண் எப்போதும் என் கையின்மேல் இருக்கும். கையில் சோறு இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை அது. கை உயர்ந்தால் உடம்பு ஒடுங்கும், கை தாழ்ந்தால் வால் அசையும். ஒரு வருடம் போல ஆனபிறகு ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அது தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கையைப் பார்ப்பது குறைந்துபோயிற்று. நான் கலங்கியிருந்தால் அதற்குத் தெரியும். தட்டில் சோறிருந்தும் உண்ணாமல் வந்து காலடியில் படுக்கும். ஐம்பது வருடமாக நான் ஜெபித்த ஜெபங்களை அன்று திரும்பிப் பார்த்தேன். பரீட்சை, வேலை, பிள்ளைக்கு வரன், கணவருக்குச் சுகம் என்று எல்லாமே கையைப் பார்த்த ஜெபங்களாகவே இருந்தன. முகத்தைப் பார்த்து ஜெபித்ததாக ஒன்று நினைவுக்கு வரவில்லை. "என் முகத்தைத் தேடுங்கள்" என்ற வசனத்துக்கு நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் பொருளை ஒரு நாயின் கண்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் முதல் நாள் பாடம் இதுதான், ஐயா. இதில் எந்த வரி வேதத்தின் பரிசுத்தத்தைக் குலைக்கிறது என்று காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கம், ஆனாலும் சொல்கிறேன். ஒருமுறை முற்றத்தில் காயவைத்த நெத்திலிக் கருவாடு காணாமற்போக, மணிதான் தின்றது என்று விளக்குமாற்றால் நாலு அடி போட்டேன். சற்று நேரத்தில் மதில்மேல் ஒரு பூனை கருவாட்டோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். மணி மூலையில் படுத்திருந்தது. நான் கிட்டப் போனபோது பின்வாங்காமல், அடித்த கையையே நக்கியது. நாயைக் கிறிஸ்துவோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். அப்படிச் செய்ய எனக்குத் துணிவு கிடையாது. ஆனால் "வையப்படும்போது பதில் வையாமலும்" என்று பேதுரு தம் எஜமானரைப் பற்றி எழுதியது அந்த நேரத்தில்தான் என் நெஞ்சில் தைத்தது. எல்லைக்கல் தகராறில் நான்கு வருடமாகப் பேசாதிருந்த என் கணவரின் தங்கை வீட்டுக்கு அந்த வாரமே போனேன். அடுத்த திருவிருந்துக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக முழங்காற்படியிட்டோம். அன்று எங்களுக்கு அப்பத்தைப் பகிர்ந்தளித்த குருவானவருக்கு இது நினைவிருக்கும்.

மணியைப் பரிசுத்தவானாக்க நான் முயலவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சுகள் மூன்றைக் கொன்றிருக்கிறது, பணம் கட்டியிருக்கிறேன். டிசம்பர் 31 இரவு வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்து, என் பாதத்தின்மேல் தாடையை வைத்து நடுங்கும் சாதாரண நாட்டு நாய் அது.

இனி, தீர்மானத்துக்கு ஆதாரமாகக் கமிட்டியில் வாசிக்கப்பட்ட வசனத்துக்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 22:15-இல் "நாய்களும், சூனியக்காரரும், விபசாரக்காரரும், கொலைபாதகரும்... புறம்பே இருப்பார்கள்" என்று எழுதியிருப்பதால், ஆலய வளாகத்தில் நாய் இருக்கலாகாது என்று விளக்கம் சொல்லப்பட்டதாம். கொலைபாதகர் என்பதோடு அந்தப் பட்டியல் முடியவில்லை. பொய்யை விரும்பி அதின்படி செய்கிற யாவரும் என்றும் தொடர்கிறது. நாய் என்பது அங்கே மனந்திரும்பாத மனிதருக்கு ஆகிவந்த பேர். பிலிப்பியருக்கு எழுதுகையில் "நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்று பவுல் சொன்னதும் மனிதரைத்தான். அந்த வசனத்தில் நாய்களுக்கு வருகிற அதே கிரேக்கச் சொல்தான் லூக்கா 16-லும் வருகிறது: ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவிடம் வந்து அவன் பருக்களை நக்கிய நாய்கள். அந்த உவமையில் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் எங்கே போனான் என்பதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். லாசருவின் அருகே வந்த உயிர்கள் என்று ஆண்டவர் சொன்னது அந்தத் தெருநாய்களை மட்டுமே.

தன் மகளுக்காக இயேசுவிடம் இரக்கம் கேட்டு வந்த கானானியப் பெண்ணை நீங்கள் எப்படி மறந்தீர்கள்? பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்ற சொல்லைக் கேட்டும் அவள் திரும்பிப் போய்விடவில்லை. "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே" என்றாள். மேஜைக்கடியில் நாய்க்குட்டி இருக்கும் வீட்டைப் பார்த்திராதவளுக்கு அந்தப் பதில் வாயில் வந்திருக்காது. நாயை அறிந்திருந்ததனால் அவள் தேவனுடைய மேஜையை அறிந்தாள். "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்ற சொல்லைப் பெற்றாள். யூதரல்லாத நாம் எல்லாரும் அந்தத் துணிக்கைகளால் பிழைத்தவர்கள்தானே. நம்முடைய மேஜையிலிருந்து விழுந்த எலும்புக்கு வந்ததற்காக நாம் ஐந்து நாய்களைத் தேரிக்கு அனுப்பியிருக்கிறோம்.

புதன்கிழமை காலை மணியைக் காணவில்லை என்றதும், மினி லாரி ஓட்டிய பையனிடம் இடம் கேட்டு, ஆட்டோ பிடித்துக்கொண்டு தேரிக்குப் போனேன். மூன்று நாள் தொடர்ந்து போனேன். எனக்கு 64 வயதாகிறது. செம்மணலில் கணுக்கால்வரை புதையும், ஒரு அடி வைத்தால் அரையடி பின்னுக்குச் சறுக்கும். பனைகளுக்கும் கொல்லாமரங்களுக்கும் இடையில் நின்று மணி, மணி என்று கூப்பிட்டேன். காணாமற்போன ஆட்டின் உவமையை இருபத்தேழு வருடமாகப் படம் வரைந்து நடத்தியிருக்கிறேன். தேடுகிறவருக்குத் தொண்டை வறண்டுபோகும் என்பது அந்த மணலில் நின்றபோதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் உச்சிவெயிலில், பதநீர் காய்ச்சும் ஒரு விடிலியின் நிழலில் அதைக் கண்டேன். உள்ளங்கால் தோல் வெந்து உரிந்து எழ முடியாமல் கிடந்தது. என் குரல் கேட்டதும் வால் மட்டும் மணலைத் தட்டியது. பக்கத்தில் உடைந்த பானை ஓட்டில் தண்ணீர் இருந்தது. தண்ணீர் வைத்த அந்த அம்மா நம் சபையைச் சேர்ந்தவரல்ல, கிறிஸ்தவரும் அல்ல. "வாயில்லா ஜீவன இப்படிக் கொண்டாந்து தள்ளிட்டுப் போயிருக்காவளே, யாரும்மா அவுக?" என்று கேட்டார். எங்கள் ஆலயத்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்த ஐந்தில் இன்னொரு நாயான செவலை ஆறாம் நாள் நொண்டிக்கொண்டே தானாக வந்து சேர்ந்தது. வெள்ளச்சியும் மற்ற இரண்டும் என்ன ஆயின என்று தெரியவில்லை. வெள்ளச்சியைப் பிடித்தவர்கள் அதன் குட்டிகளைக் கொட்டகைக்குப் பின்னாலேயே விட்டுப் போனார்கள். இரண்டு செத்துப்போயின. மிஞ்சிய ஒன்றுக்கு ஆலயப் பணியாளரின் மனைவி மை ஊற்றும் பில்லரால் ஆட்டுப்பால் புகட்டுகிறார்கள். "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான், துன்மார்க்கருடைய இரக்கமும் கொடுமையே" என்ற நீதிமொழியை அந்தக் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு அடுத்த கூட்டத்தை அங்கேயே நடத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது, உங்களில் மூன்று பேர் என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் என்பதால் அதைக் கோரிக்கையாக வைக்காமல் விடுகிறேன். நினிவேயில் அநேக மிருகஜீவன்களும் இருக்கிறதே என்று பரிதபித்த தேவனைத்தான் நான் உங்களுக்குச் சிறுவயதில் கற்றுக் கொடுத்தேன்.

நான் கேட்பவை இவை. தீர்மானத்தின் இரண்டு பகுதிகளையும் கமிட்டி கூடி ரத்து செய்து, ரத்து செய்ததை ஞாயிறு அறிவிப்பில் வாசிக்க வேண்டும். வெள்ளச்சியையும் மற்ற இரண்டையும் தேட, இறக்கிவிட்ட இடம் தெரிந்தவர்களை அதே மினி லாரியோடு இந்த வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். விடிலிகளில் விசாரித்தால் துப்புக் கிடைக்கும், நானும் கூட வருகிறேன். வளாகத்துக்கு வந்திருக்கும் நாய்களுக்கும் திரும்பி வந்தவைகளுக்கும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யப் பஞ்சாயத்துக்கும் அரசு கால்நடை மருந்தகத்துக்கும் சேகரத்தின் பேரால் எழுதித் தர வேண்டும்; செலவு வந்தால் என் ஓய்வூதியத்திலிருந்து முதல் பங்கைத் தருகிறேன். அடுத்த அசனத்துக்கு முன் வளாகத்துக்கு வெளியே எச்சில் இலைக் குழி ஒன்று வெட்டி மூட ஏற்பாடு வேண்டும். கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குக் கமிட்டியிலிருந்து இதுவரை ஒருவரும் போகவில்லை. ஐயரவர்கள் போக வேண்டும்.

விடுமுறை வேதாகமப் பள்ளி முடிய இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. ஐந்து நாள் பாடத்தை நான்கு நாளில் நடத்த என்னால் முடியும். பாடக் குறிப்பு முழுவதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வேதத்துக்கு விரோதமான வரி இருந்தால் கோடிட்டுக் காட்டுங்கள், அடித்துவிடுகிறேன். இல்லையென்றால் அனுமதி தாருங்கள். கடைசி நாள் பாடத்துக்கு, நாயிடம் எப்படி நடந்துகொள்வது, ஈன்ற நாயின் அருகே ஏன் போகக் கூடாது, கடித்தால் முதலில் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கால்நடை மருத்துவர் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார்.

கடைசியாக, மிஞ்சியிருக்கும் குட்டி ஆலயப் பணியாளரின் வீட்டில் வளர எழுத்தில் அனுமதி தர வேண்டும். தீர்மானத்துக்குப் பயந்து அவர்கள் அதைப் பகலில் கூடைக்குள் மூடி வைக்கிறார்கள். அனுமதி வரும்வரை இன்று மாலை முதல் அது என் வீட்டில் மணியோடு இருக்கும்.

கர்த்தருக்குள்,
சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை